கணக்கில் வராதவர்களின் அறிவியல்

(மாணவர்களும் களப்பணியாளர்களும் கலந்துகொண்ட ஒருநாள் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



காலையில் நான் வந்து இறங்கினப்ப வாசலில் தம்பிகள் பறையைக் காய்ச்சிக்கிட்டு இருந்தாங்க. ராத்திரி பெஞ்ச மழையில் தோல் ஈரம் கோத்துத் தொய்ஞ்சு போயிருந்தது. வைக்கோலைக் கொளுத்தி, பறையை நெருப்புக்குக் காட்டி, விரலால் தட்டிப் பார்த்தாங்க. ஓசை சரியில்லை. மறுபடி காட்டி, மறுபடி தட்டினாங்க. ஓசை ஏறினதும் எடுத்துக்கிட்டாங்க. தோலில் உள்ள ஈரம் போனால் தோல் இறுகும். இறுகினால் ஓசை ஏறும். ஒன்றை மாற்றிப் பார்ப்பது, விளைவைக் கவனிப்பது, தப்பு என்றால் திருத்திக்கொண்டு மறுபடி செய்வது. ஆய்வுக்கூடத்தில் இதைத்தான் சோதனை என்கிறார்கள். நம்ம பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து நாம் செய்துவருகிற காரியம் இது.

இப்படிப்பட்ட நம்மிடம் வந்து பேச எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு என்னன்னா, 'அறிவியல் பூர்வமாகச் சிந்திப்பது மக்களுக்கு ஏன் கடினமாக இருக்கிறது?' என்பது. இதற்கு ஒரு ரெடிமேட் பதில் இருக்கு. மக்களுக்குப் படிப்பறிவு இல்லை, மூடநம்பிக்கையில் ஊறிப்போயிருக்காங்க, நாம் போய் விளக்கிச் சொன்னால் தெளிஞ்சிடுவாங்க. இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. நம்மில் பலர் இருபது முப்பது வருஷமாக விளக்கிச் சொல்லிக்கிட்டேதான் இருக்கோம்.

1995 செப்டம்பர் 21ஆம் தேதியை மூத்த தோழர்கள் மறந்திருக்கமாட்டீங்க. பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று தில்லியில் கிளம்பிய செய்தி அன்றைக்கே நாடு முழுக்கப் பரவி, லண்டன் கோயில்கள் வரைக்கும் போனது. வரிசையில் நின்றது யார்? எழுதப் படிக்கத் தெரியாத சேரிக் கிழவி மட்டுமா? பட்டம் வாங்கினவங்க, அதிகாரிகள், டாக்டர்கள், எஞ்சினியர்கள் எல்லாரும் சொம்போடு நின்னாங்க. நடந்தது இதுதான். கரண்டியில் ததும்பி நிற்கிற பால், சிலையைத் தொட்டதும் பரப்பு இழுவிசையால் இழுபடுகிறது. பிறகு சிலைமேல் மெல்லிய படலமாக வழிந்து கீழே இறங்குகிறது. வெள்ளைக் கல்லில் வெள்ளைப் பால் வழிந்தால் கண்ணுக்குத் தெரியாது. விஞ்ஞானிகள் பாலில் சாயம் கலந்து ஊட்டிக் காட்டினார்கள். வழிந்த தடம் தெரிந்துவிட்டது.

நான் சொல்லவருவது என்னன்னா, கரண்டி காலியானதை எல்லாரும் பார்த்தாங்க. காலடியில் தரை நனைஞ்சதை யாரும் பார்க்கல. கண் இருந்தது, படிப்பு இருந்தது. ஆனால் எந்தப் பக்கம் பார்க்கணும் என்கிற பழக்கம் இல்லை. இந்தப் பழக்கம் மனுஷனுக்கு ஏன் இவ்வளவு சிரமமாக இருக்கு என்பதைத்தான் இன்றைக்குப் பேசப் போறேன்.

ஒரு சின்ன விளையாட்டு விளையாடுவோம். நான் மூணு எண் சொல்றேன்: 2, 4, 6. இதை ஒரு விதிப்படிச் சொல்லியிருக்கேன். நீங்களும் மும்மூணு எண்ணாகச் சொல்லிக்கிட்டே வாங்க. விதிக்குப் பொருந்துதா இல்லையான்னு மட்டும் நான் சொல்வேன். அதை வச்சு விதியைக் கண்டுபிடிக்கணும்.

(அரங்கிலிருந்து: 8, 10, 12.) பொருந்துது. (20, 22, 24.) பொருந்துது. (100, 102, 104.) பொருந்துது. சரி, விதி என்ன? (இரண்டிரண்டாகக் கூடுகிறது.)

இல்லை தோழர். ஒவ்வொரு எண்ணும் தனக்கு முந்தினதை விடப் பெரிசா இருக்கணும், அவ்வளவுதான் விதி. 1, 7, 93 என்று சொல்லியிருந்தாலும் பொருந்தும்னு சொல்லியிருப்பேன். உங்களில் ஒருத்தர்கூட 6, 4, 2 என்று கேட்டுப் பார்க்கல. 3, 3, 3 என்று கேட்டுப் பார்க்கல. மனசில் ஒரு கருத்து விழுந்த பிறகு, அதற்கு 'ஆமாம்' சொல்கிற எண்களை மட்டுமே கேட்டீங்க. 'இல்லை' என்று பதில் வரக்கூடிய கேள்வியை யாருமே கேட்கல.

வெட்கப்பட வேண்டாம். 1960இல் இங்கிலாந்தில் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்கள் 29 பேரிடம் இதே விளையாட்டை வைத்துப் பார்த்தார். தப்பான விடை எதுவும் சொல்லாமல் நேராகச் சரியான விதிக்குப் போனவர்கள் 6 பேர்தான். ஆக இது நம்ம சாதிக் குறையோ, நாட்டுக் குறையோ, படிப்புக் குறையோ இல்லை. மனித மூளையே அப்படித்தான். அதற்கு 'ஆமாம்' பிடிக்கும், 'இல்லை' கசக்கும். அறிவியல் என்பது இந்தக் கசப்பை விரும்பித் தேடிப் போகிற பழக்கம். அதனால்தான் அது கடினம்.

இந்தக் கரும்பலகையில் நாலு கட்டம் போடுறேன். இதை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போங்க, மற்றதை மறந்தாலும் பரவாயில்லை.

எங்க ஊர்ப்பக்கம் பாம்புக்கடிக்கு மந்திரிக்கிற பெரியவர் ஒருத்தர் இருந்தார். காசு வாங்கமாட்டார், நல்ல மனுஷன். அவரிடம் போய்ப் பொழைச்சவங்கன்னு இருபது பேரை ஊரில் சொல்லுவாங்க. அது பொய் இல்லை, பொழைச்சது நிஜம். மந்திரிச்சுப் பொழைச்சவங்க, இது முதல் கட்டம். மந்திரிச்சும் செத்தவங்க, இரண்டாவது கட்டம். மந்திரிக்காமலே பொழைச்சவங்க, மூணாவது. மந்திரிக்காமல் செத்தவங்க, நாலாவது. ஊர் பேசுவது முதல் கட்டத்தை மட்டும்தான். இரண்டாவது கட்டத்தில் இருக்கிறவன் வந்து சாட்சி சொல்ல முடியாது, அவன் சுடுகாட்டில் இருக்கான். அவன் வீட்டில் கேட்டால் 'விதி' என்பார்கள், 'நேரம் கடந்து போச்சு' என்பார்கள். மூணாவது கட்டத்தில் இருப்பவனுக்குத் தான் ஒரு சாட்சி என்றே தெரியாது.

அந்த மூணாவது கட்டம்தான் ரகசியத்தை உடைக்கும். நம்ம நாட்டுப் பாம்புகளில் பெரும்பாலானவற்றுக்கு விஷம் கிடையாது. விஷப்பாம்பு கடிச்சாலும் ஒவ்வொரு தடவையும் விஷத்தை இறக்குவதில்லை. எனவே மந்திரிச்சாலும் மந்திரிக்காவிட்டாலும் நிறையப் பேர் பொழைச்சுக்குவாங்க. பொழைச்சவங்க எல்லாம் மந்திரத்தின் கணக்கில் வரவு. செத்தவங்க விதியின் கணக்கில் பற்று. எந்தப் பக்கம் விழுந்தாலும் மந்திரத்துக்கு நட்டமே வராத கணக்கு அது. எது நடந்தாலும் தோற்கவே தோற்காத ஒரு கருத்தைப் பார்த்தால் நாம் சந்தேகப்படணும்.

2000க்கும் 2019க்கும் இடையில் இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் செத்திருக்கலாம் என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலும் கிராமத்து ஏழைகள், காட்டில் கழனியில் செருப்பில்லாமல் நடந்தவர்கள். மருத்துவமனைப் பதிவேடுகளில் இதில் சிறு பகுதிதான் ஏறுது. வீட்டிலும் வழியிலும் செத்தவனைப் பதிவேட்டுக்குத் தெரியாது. இன்னொன்றையும் சொல்லணும். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நாலுக்கும் கொடுக்கிற விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுத்தது யார்? மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். காட்டில் தடம் பார்த்து, வளை பார்த்து, இது எந்தப் பாம்பு என்று சொல்கிற இருளரின் கண் இல்லாமல் அந்த மருந்து இல்லை. ஊசி போடும்போது இதை யாரும் நினைப்பதில்லை.

இப்போ நம்ம உயிர்ப் பிரச்சினைக்கு வர்றேன். மலக்குழி.

செப்டிக் டேங்கில் இறங்குகிற தொழிலாளிகளிடம் நான் பேசியிருக்கேன். 'ஏன் அண்ணே இறங்குறீங்க, விஷவாயு இருக்குமே' என்றால் மூணு பதில் வரும். ஒண்ணு: 'இருபது வருஷமா இறங்குறேன், எனக்கு ஒண்ணும் ஆகல.' இரண்டு: 'வாயு இருந்தா நாத்தம் காட்டிக் கொடுத்துடும்.' மூணு: 'விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்போம், அணைஞ்சா இறங்கமாட்டோம்.' மூணும் அனுபவத்திலிருந்து வந்த பதில்கள்தான். கேலி செய்யாமல் ஒவ்வொன்றையும் கட்டத்தில் வச்சுப் பார்ப்போம்.

இருபது வருஷம் இறங்கியும் ஒண்ணும் ஆகாதவர்தான் என்னிடம் பேச முடியும். ஆனவர் பேசமாட்டார். பொழைச்சவர்களின் அனுபவத்தை மட்டும் கூட்டினால் உலகத்தில் எந்த வேலையுமே ஆபத்தில்லை என்றுதான் விடை வரும்.

நாற்றம் காட்டிக் கொடுக்கும் என்பது இன்னும் மோசமான பொறி. குழியில் இருக்கிற வாயுக்களில் ஒன்று ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம். பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே மூக்குக்குத் தெரிஞ்சிடும். ஆனால் பத்து லட்சத்தில் நூறு பங்கு ஆனால், சில நிமிஷத்தில் மோப்ப சக்தியே மரத்துப் போகும். நாற்றம் நின்னுடும். ஆள் என்ன நினைப்பான்? வாயு போயிடுச்சுன்னு நினைப்பான். உண்மையில் போனது அவன் மூக்கு. ஆயிரம் பங்கை நெருங்கினால் ஒன்றிரண்டு மூச்சிலேயே மயங்கி விழுவான். ஆக, நாற்றம் இல்லாதது பத்திரத்துக்கு அடையாளம் இல்லை. சாவுக்குப் பக்கத்தில் நிற்பதன் அடையாளமாகவும் அது இருக்கலாம். மீத்தேனுக்கோ வாசனையே கிடையாது.

விளக்குச் சோதனை பாதி அறிவியல். 'இல்லை' என்று சொல்லக்கூடிய சோதனை அது, அதனால் மதிக்கிறேன். ஆனால் அது கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: ஆக்சிஜன் போதுமா? ஹைட்ரஜன் சல்பைடு ஆளைக் கொல்கிற அளவு இருந்தாலும் விளக்கு எரியும். மீத்தேன் இருந்தால் விளக்கே குழியை வெடிக்க வைக்கும். அதோடு, மேலே ஏடு கட்டிக் கிடக்கிற கசடைக் கிளறினதும் உள்ளே அடைஞ்சிருந்த வாயு திடீர்னு கிளம்பும். இறங்கும்போது எரிந்த விளக்கு, கிளறின பிறகு என்ன நடக்கும்னு சொல்லாது. அதனால்தான் முதல் ஆள் விழுகிறான். அவனைத் தூக்க இறங்கின தம்பி விழுகிறான். தம்பியைத் தூக்க இறங்கின மச்சான் விழுகிறான். ஒரே குழியில் மூணு பிணம் என்று செய்தி வருது. பாசம்தான் அடுத்தடுத்த ஆளைக் கொல்லுது. கேட்டுக்கோங்க: காற்றுக் கருவியும் கயிறும் இல்லாமல் தூக்க இறங்கவே கூடாது. தீயணைப்புத் துறைக்குச் சொல்லணும். முதலில், யாருமே இறங்கக் கூடாது. அடைப்பெடுக்க எந்திரம் இருக்கு, 2013ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கு. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதே அந்தச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே இரண்டாண்டு வரை சிறை. அந்த மரணத்துக்கு 30 லட்சம் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கு.

அரசாங்கம் எப்படி எண்ணுதுன்னும் பாருங்க. 2021 ஜூலையில் ஒன்றிய அரசு மாநிலங்களவையில் பதில் சொன்னது: கையால் மலம் அள்ளும் வேலையால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை. சாக்கடையிலும் மலக்குழியிலும் செத்தவர்கள் வேறு தலைப்பாம், 'அபாயகரமான துப்புரவு' என்ற வேறு கணக்காம். தலைப்பை மாற்றினால் பிணம் காணாமல் போயிடுது. மந்திரக்காரர் செஞ்ச அதே வேலைதான். அவர் செத்தவனை விதி என்ற தலைப்புக்கு மாற்றினார், இவர்கள் அபாயம் என்ற தலைப்புக்கு மாற்றுகிறார்கள்.

இங்கேதான் நான் சொல்லவந்த மையமான விஷயம் இருக்கு. அறிவியல் பூர்வமாகச் சிந்திப்பது என்றால் கண்ணில் படாத கட்டத்தை எண்ணுவது. சாதி என்பது என்ன? சில கட்டங்களில் இருக்கிற மனிதர்களை எண்ணவே கூடாது என்கிற ஏற்பாடு. அதனால் இந்தச் சமூகத்தில் அறிவியல் சிந்தனை இரண்டு மடங்கு கடினம். மூளையின் இயல்பு ஒரு தடை, சமூகத்தின் அமைப்பு இன்னொரு தடை.

கணக்குக் கையில் கிடைச்சுட்டா மட்டும் போதுமா என்றால் அதுவும் போதாது. வியன்னா நகரத்துக் கதை ஒன்றைக் கேளுங்க. அங்கே பெரிய மருத்துவமனையில் இரண்டு பிரசவ வார்டு. முதல் வார்டில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தாங்க. இரண்டாவதில் மருத்துவச்சிகள். 1846இல் முதல் வார்டில் 4,010 பிரசவத்துக்கு 459 தாய்மார் செத்தாங்க. மருத்துவச்சிகள் வார்டில் 3,754க்கு 105. ஏழைப் பெண்கள் முதல் வார்டு வேண்டாம்னு கெஞ்சி அழுதாங்க. இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் டாக்டர் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். காற்றா? இரண்டு வார்டுக்கும் ஒரே காற்று. கூட்டமா? இரண்டாவதில்தான் கூட்டம் அதிகம். ஒவ்வொரு கருத்தாக எடுத்து 'இல்லை' என்று அடிச்சுக்கிட்டே வந்தார். 1847இல் அவருடைய நண்பர் ஒருவர் பிணப் பரிசோதனையின்போது கத்தி பட்டு, அந்தத் தாய்மார்கள் செத்த அதே மாதிரி செத்தார். அப்போது விளங்கியது. பிணத்தை அறுத்த கையோடு டாக்டர்கள் பிரசவம் பார்க்கப் போறாங்க, மருத்துவச்சிகள் பிணத்தைத் தொடுவதில்லை. கையைக் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கழுவச் சொன்னார். 1848இல் முதல் வார்டில் சாவு நூற்றுக்கு ஒன்று சொச்சமாகக் குறைஞ்சுது.

டாக்டர்கள் கொண்டாடினார்களா? இல்லை. பெரும்பாலானோர் ஏற்கவில்லை. கனவான் கை எப்படி அசுத்தமாகும்? நம்ம கையே கொன்றது என்று எப்படி ஒப்புக்கொள்வது? செம்மல்வைஸ் வேலை இழந்தார். 1865இல் மனநோய் விடுதியில் செத்தார். அங்கே இருந்தவர்கள் எல்லாரும் விஞ்ஞானம் படிச்சவர்கள். எண் தெளிவாக இருந்தது. ஆனால் அந்த எண் அவர்கள் மரியாதையைக் கேள்வி கேட்டது. உயர்ந்த இடத்தில் இருப்பவனுக்குத் தன்னைக் குற்றவாளியாக்கும் உண்மை கண்ணில் படாது. நம்ம ஊர் மேல்சாதிக்காரர்களுக்கு இரட்டைக் குவளை கண்ணில் படாத மாதிரிதான்.

கை கழுவுவது பற்றிப் பேசினதும் ஒருத்தர் எழுந்து, 'அதைத்தான் நம் முன்னோர்கள் தீட்டு என்று வைத்தார்கள், தீண்டாமைக்குப் பின்னால் சுகாதார விஞ்ஞானம் இருக்கிறது' என்பார். கல்லூரிப் பேராசிரியர்களே சொல்லக் கேட்டிருக்கேன். இதையும் 6, 4, 2 போட்டுச் சோதிப்போம். சுகாதாரம்தான் காரணம் என்றால் குளிச்சு, வெளுத்த துணி கட்டி வந்தால் தீட்டுப் போயிடணும். போகுதா? ஐ.ஏ.எஸ். ஆனாலும் போகல. சுகாதாரம்தான் காரணம் என்றால் கிருமியோடு இருக்கிற மேல்சாதிக்காரன் உடம்புக்குத் தீட்டு வரணும். வருதா? வரல. கழுவினால் போகிற அழுக்கு கிருமி. கழுவினாலும் போகாத அழுக்கு சாதி. இரண்டும் ஒன்றில்லை. அந்த 'விஞ்ஞானம்' முதல் சோதனையிலேயே தோற்றுப் போகுது.

தீட்டு அறிவியலைக் காப்பாற்றவில்லை, அழிச்சது. இதைச் சொன்னது நான் இல்லை. வேதியியல் அறிஞர் பிரபுல்ல சந்திர ராய் இந்து வேதியியல் வரலாற்றை 1902இலும் 1909இலும் இரண்டு பாகமாக எழுதினார். சாதி இறுகியதும், பிணத்தைத் தொடுவது தீட்டு என்று ஆனதும், கைவேலையைக் கீழ்ச்சாதிகளிடம் தள்ளி அறிவாளிகள் ஒதுங்கிக்கொண்டதும்தான் இங்கே ஆராயும் மனம் மங்கியதற்குக் காரணம் என்பது அவர் வாதம். சுஸ்ருதர் பிணத்தை அறுத்துப் படிக்கச் சொன்ன நாடு இது. பிறகு அதைத் தொடவே ஆள் இல்லாமல் போச்சு.

யாருமே தொடவில்லையா? நாம் தொட்டோம். செத்த மாட்டை அறுத்தோம், தோலை உரிச்சோம். சுண்ணாம்பில் ஊறப்போட்டால் மயிர் கழலும், ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறப்போட்டால் தோல் அழுகாது. பட்டையில் இருக்கிற டானின் தோலின் புரதத்தோடு பிணையுது என்று இன்றைக்குப் பாடப்புத்தகம் சொல்லுது. எவ்வளவு பட்டை, எத்தனை நாள், எந்தப் பதம் என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தப்புப் பண்ணித் திருத்திக் கண்டது. அதே வேலைக்கு 1948இல் சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினாங்க. அங்கே செய்தால் விஞ்ஞானம், சேரியில் செய்தால் தீட்டு. கையும் மூளையும் ஒரே உடம்பில் இருந்தால்தான் அறிவியல் பிறக்கும். சாதி கையை ஒரு தெருவிலும் மூளையை இன்னொரு தெருவிலும் குடிவைத்தது. மூளைக்காரன் சோதிக்காமல் பேசினான். கைக்காரன் சோதித்ததை எழுத விடவில்லை.

அதற்காக நம்ம பழசு எல்லாமே அறிவியல்னு நான் சொல்லவரல. தோல் பதனிடும்போது தப்பு நடந்தால் தோல் அழுகிக் காட்டிக்கொடுத்துடும், அதனால் அந்த அறிவு திருந்திக்கிட்டே வந்தது. மந்திரம் தப்பினால் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை, அதனால் அது அப்படியே நிற்குது. இந்த வித்தியாசம் முக்கியம்.

எண்ணையும் அளவுகோலையும் கையில் வச்சிருப்பவர்கள் எல்லாம் விஞ்ஞானிகளும் இல்லை. 1901 கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்த ரிஸ்லி என்ற வெள்ளைக்கார அதிகாரி இந்தியர்களின் மூக்கை அளந்தார். மூக்கு அகலமாக அகலமாகச் சாதி தாழும் என்று ஒரு விதியே சொன்னார். ஆரியர் மேலே, மற்றவர் கீழே என்பதற்கு விஞ்ஞான முத்திரை. பாபாசாகேப் அம்பேத்கர் என்ன செய்தார்? 'எங்களை இழிவுபடுத்தாதே' என்று மட்டும் சொல்லி நிற்கவில்லை. தீண்டப்படாதார் யார் என்று 1948இல் எழுதிய நூலில், குரியே தொகுத்த மூக்களவுப் பட்டியலையே எடுத்து மாகாணம் மாகாணமாகப் பார்த்தார். மூக்களவை வைத்து இனத்தைச் சொல்லலாம் என்று நீங்கள் சொன்னால், உங்கள் கணக்குப்படியே பார்ப்பனரும் தீண்டப்படாதாரும் ஒரே இனம் என்றுதான் ஆகிறது என்று காட்டினார். எதிரியின் கருத்துக்கு 'இல்லை' சொல்லக்கூடிய கட்டத்தை எதிரியின் பட்டியலிலேயே தேடி எடுத்தார். பிற்பாடு மூக்களவு இனவாதம் முழுவதையும் உலக அறிவியல் தூக்கிப் போட்டது. அறிவியலைக் கண்டு நாம் பயப்படவும் வேண்டாம், கும்பிடவும் வேண்டாம். கையில் எடுக்கணும்.

கடைசியாக நம்மைப் பற்றி. கசக்கும், பொறுத்துக்கோங்க.

அம்பேத்கர் சொன்னதாக வருகிற எல்லாவற்றையும் அவர் சொன்னார்தானா என்று புத்தகத்தை எடுத்துப் பார்க்காமல் செல்போனில் அனுப்புகிறோம். நமக்குப் பிடிச்சது என்பதால் 'ஆமாம்' போடுறோம். கேசபுத்தத்துக் காலாமர்களிடம் புத்தர் என்ன சொன்னார்? வழிவழியாக வந்தது என்பதற்காகவோ, நூலில் இருக்கு என்பதற்காகவோ, இவர் நம் குரு என்பதற்காகவோ ஏற்காதே என்று தன்னையும் சேர்த்துத்தான் சொன்னார். அந்தப் புத்தரைத் தேடிப்போனவர் அம்பேத்கர். தென்னாட்டில் அதற்கு முன்பே 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கி, ஊர் ஏற்றுக்கொண்டிருந்த கதைகளை ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டவர் அயோத்திதாசப் பண்டிதர். இவர்களை மதிப்பது என்றால் இவர்களையும் சரிபார்ப்பதுதான். கேள்வி கேட்கிற தோழரை 'துரோகி' என்று சொல்லுகிற இயக்கத்தில் அறிவியல் வளராது. ஊர்க் கட்டுப்பாட்டை எதிர்த்து வெளியே வந்தவர்கள் நமக்குள்ளேயே ஒரு ஊர்க் கட்டுப்பாட்டை வைக்கக் கூடாது.

கூட்டம் வெற்றின்னு நோட்டீசில் போடுறோம். எதை வச்சு? வந்தவர்களை வச்சு. வராதவர்கள் ஏன் வரலைன்னு எண்ணினோமா? இந்த அரங்கைத் திரும்பிப் பாருங்க. பெண்கள் எத்தனை பேர்? அவர்கள் ஏன் வரலை? சமைச்சுக்கிட்டு இருப்பாங்க, பிள்ளையைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. நம்ம இயக்கத்தின் எண்ணப்படாத கட்டம் அது.

தாயத்துக் கட்டுகிற தாயைப் போய்க் கிண்டல் செய்யாதீங்க. பிள்ளைக்கு ராத்திரி ஜன்னி வந்தால் ஆஸ்பத்திரி பத்து மைல். போனால் அங்கே 'எந்தத் தெரு' என்று கேள்வி. பூசாரி பக்கத்தில் இருக்கார், தொட்டுப் பேசுறார். அவள் முட்டாள் இல்லை, அவளுக்கு எட்டினதை அவள் பிடிச்சிருக்கா. ஆஸ்பத்திரியை எட்டவைக்கிற போராட்டமும் அறிவியல் பரப்புவதுதான். அரசியல் சட்டத்தில் 1976இல் சேர்த்த 51அ பிரிவு, அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்கிறது. நல்லது. ஆனால் அந்தக் கடமையைச் செய்த நரேந்திர தபோல்கரை 2013இல் புனே நகரத்தில் சுட்டுக் கொன்றார்கள். ஆகவே இது வெறும் பாடப்புத்தகச் சமாச்சாரம் இல்லை, உயிரை வைத்துச் செய்கிற வேலை.

நடைமுறைக்கு ஒரே ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். ஒவ்வொரு கிளையிலும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்க. உங்க பகுதியில் மலக்குழியில் இறங்கச் சொல்லிக் கூப்பிட்டது யார், எந்தத் தேதி, எத்தனை பேர், கருவி கொடுத்தார்களா, மயங்கினவர் யார், செத்தவர் யார், வழக்குப் பதிவாச்சா, இழப்பீடு வந்ததா, எழுதுங்க. செத்தவர்களை மட்டும் எழுதாதீங்க, ஒண்ணும் ஆகாமல் ஏறி வந்தவர்களையும் எழுதுங்க. நாலு கட்டமும் நிறையணும். நமக்குச் சாதகமில்லாத எண் வந்தாலும் அழிக்காதீங்க. அந்த நோட்டோடு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போவோம். 'தகவல் இல்லை' என்று இனி யாரும் சொல்ல முடியாது.

நம்மை எண்ணாமல் விட்ட சமூகத்தில், நாம் எண்ணத் தொடங்குவதுதான் அறிவியலின் முதல் பாடம். நோட்டை இன்றைக்கே வாங்குங்க.